யாரும் வாங்கிப் போகாத ஒரு பட்டாளத்துக்காரரின் அஸ்தி: முறையாக என்ன செய்வது?

கேத்திமலர் (கேள்வி)

வணக்கம். நான் கேத்தியில் இருக்கிறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு எரிவாயு தகன மேடையில் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் வேலைக்காக மூன்று வாரமாகப் போய் வருகிறேன். எந்த மேடை என்று சொல்லவில்லை. அங்கே யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பதிவேட்டைத் தேடி, அலுவலக அறைக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் ஒன்பது அஸ்திக் கலயங்கள். மஞ்சள் துணி கட்டியவை, சிவப்புத் துணி கட்டியவை, ஒன்று மட்டும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்க வேண்டுமா, துணியெல்லாம் பூசணம் பிடித்து, தொட்டால் கையோடு வருகிறது. அங்கே ரொம்ப வருடமாக வேலை செய்யும் அண்ணனிடம் கேட்டேன். மூன்றாம் நாள் வந்து வாங்கிக் கொள்கிறோம் என்று சொல்லிப் போவார்களாம், அப்புறம் மழை, பர்லியாறில் மண் சரிந்து ரோடு அடைப்பு, வேலைக்குப் போக வேண்டிய அவசரம், அப்படியே விட்டுவிடுவார்களாம். அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் கொடுத்தாலும் வாங்கத் தயங்குகிறவர்கள் உண்டு. சிலருக்கு வாங்க ஆளே கிடையாது. யாரும் சொல்லாமலேயே இவர் ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தப் பீரோ முன்னால் சூடம் காட்டி வருகிறார்.

ஒன்பதில் ஒன்றின் கழுத்தில் அட்டை கட்டியிருக்கிறது. பெயர், வயது 76, தேதி, கீழே பென்சிலில் 'மிலிட்டரி பென்சன்'. பக்கத்தில் பேனாவால் ஒரு எண். ஏழு இலக்கம் இருந்திருக்க வேண்டும், கடைசி இரண்டு நனைந்து அழிந்துவிட்டன. பதிவேட்டில் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் எரியூட்டப்பட்டவர். உடலைக் கொண்டு வந்தவர், இவர் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரர். 'உறவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது.

நிர்வாகத்தில் சொன்னேன். 'ஒன்பதையும் ஒரே நாளில் மேட்டுப்பாளையம் கொண்டு போய்ப் பவானியில் விட்டுவிடலாம், புண்ணியமாகப் போகும்' என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வெலிங்டன் பக்கத்தில் பிறந்து, விடிகாலைப் பனியில் எம்.ஆர்.சி. (மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையம்) பிள்ளைகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்படி ஓடிய ஒருவர் பூசணம் பிடித்த துணிக்குள் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் கேட்பது இதுதான். இவரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? சொந்தக்காரி இல்லாத நான் கேட்டால் பதில் சொல்வார்களா? ஆற்றில் கரைப்பதா, மண்ணில் வைப்பதா? ராணுவ மரியாதைக்கு வழி உண்டா? அட்டையில் உள்ள பெயர் இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவாக இருக்கும் பெயர், அதனால் சடங்கும் தெரியவில்லை.

பவானிக்கரை

அக்கா, நான் மேட்டுப்பாளையம். ஆறு வருடம் காத்திருந்தது போதும், இனியும் வைத்திருப்பது அந்த ஆத்மாவுக்கு நல்லதில்லை. வருகிற அமாவாசைக்குக் கொண்டு வாருங்கள், படித்துறையில் எனக்குத் தெரிந்த ஐயர் இருக்கிறார், ஒன்பது பேருக்கும் பேர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டுக் கரைத்துவிடலாம். செலவு என்னுடையது. விசாரணை, கடிதம் என்று போனால் இன்னும் ஆறு வருடம் ஓடும்.

ஓய்வு_ஹவில்தார்

தங்கச்சி, முதலில் அந்த சூடம் காட்டும் தம்பிக்கு என் சல்யூட்டைச் சொல்லுங்கள்.

பவானிக்கரைத் தம்பி நல்ல எண்ணத்தில் சொல்கிறார், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். ஏழு இலக்க எண் என்றால் பெரும்பாலும் ஜவான். முன்னால் ஜேசி என்று இருந்தால் ஜேசிஓ, அதாவது சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி, ஐசி என்று இருந்தால் அதிகாரி. இரண்டு இலக்கம் போனதால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. நூறு எண்தான் ஆகிறது, பெயரும் வயதும் கையில் இருந்தால் ரெக்கார்ட் ஆபீசில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் வெலிங்டன் பக்கம் குடியிருந்தார் என்பதற்காக மதராஸ் ரெஜிமென்ட் என்று முடிவு கட்டாதீர்கள். இங்கே ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது, மிலிட்டரி ஆஸ்பத்திரி இருக்கிறது, எல்லாப் பிரிவு ஆட்களும் வந்து போன ஊர், குளிர் பிடித்துப்போய் ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு எஸ்டேட் பங்களாவில் வாட்ச்மேனாகத் தங்கிவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே எத்தனையோ பேர். ஒவ்வொரு பிரிவுக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வேறு வேறு. மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டனிலேயே. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால், அதாவது எம்.இ.ஜி., பெங்களூர். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. எந்தப் பிரிவு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதனால் இப்படிப் போங்கள். இறப்புப் பதிவு எங்கே ஆனதோ அங்கே, நகராட்சியோ பேரூராட்சியோ, போய்ப் பாருங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969 சட்டம், வீட்டுக்காரர் செய்திருப்பார். அந்தப் படிவத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் உண்டு, அதில் சொந்த ஊர் எழுதியிருக்க வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் ஊட்டியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எழுத்து மூலமாகக் கொடுங்கள். அவர் அங்கே பதிந்து அடையாள அட்டை வாங்கியிருந்தால் பிரிவு, சொந்த ஊர், குடும்ப விவரம் எல்லாம் கோப்பில் இருக்கும். நீங்கள் சொந்தக்காரி இல்லை என்பதால் உங்கள் கையில் விவரம் தர மாட்டார்கள். தரவும் கூடாது. ஆனால் ரெக்கார்ட் ஆபீஸ் தானே வீட்டுக்குக் கடிதம் போடும், உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள், அது போதும். தகன மேடை லெட்டர்ஹெட்டில், நிர்வாகி கையெழுத்தோடு போகட்டும். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு மனு கொடுத்து, மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்துக் கொள்ளுங்கள், நாளைக்கு ஒருவர் வந்து எங்கள் அப்பா அஸ்தியை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் கையில் காகிதம் வேண்டும்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பென்சன் வாங்கினார் என்றால் பெரும்பாலும் குறைந்தது 15 வருடம் சர்வீஸ் செய்தவர். அவருக்கு மனைவி எங்காவது உயிரோடு இருந்தால், அந்த அம்மாவுக்கு இறந்த மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் உண்டு. யாரும் சொல்லாததால் ஆறு வருடமாக வராமல் இருக்கலாம். ஆளைக் கண்டுபிடிப்பது செத்தவருக்காக மட்டும் இல்லை தங்கச்சி.

அந்த எண்ணையும் முழுப் பெயரையும் சேர்த்து எங்கேயும் பொதுவில் போடாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில்கூட வேண்டாம். பென்சன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிற கூட்டம் ஊரெல்லாம் இருக்கிறது.

ஆமாம், அந்த வீட்டுக்காரரிடம் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்களா? பட்டாளத்துக்காரன் எதை விட்டாலும் டிரங்குப் பெட்டியை விட மாட்டான். கறுப்புப் பெட்டி, மேலே வெள்ளை பெயிண்டில் எண், ரேங்க், பெயர். ஊர் ஊராக ரயிலில் போட்டுத் தூக்கியது. அதைத் தேடுங்கள்.

கொடை_மூடுபனி

நான் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு வெகு நேரம் எழுதாமல் இருந்தேன்.

எங்கள் பெரிய மாமா சிக்னல்ஸில் இருந்தவர். பணி முடிந்து வந்த பிறகு வீட்டில் சொத்துத் தகராறு, கோபித்துக்கொண்டு கொடைக்கானல் வந்து பாம்பார்புரம் பக்கம் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அப்போது சின்னப் பையன், வத்தலக்குண்டில் இருந்தோம், மலைக்கு மேலே இருக்கிறார் என்று தெரியும், யாரும் போகவில்லை. அவர் இறந்த செய்தியே இரண்டு வருடம் கழித்து ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அழுதுகொண்டே ஓடினார்கள், நானும் போனேன். எரித்தார்கள் என்று சொன்னார்கள். அஸ்தி இருந்ததாம், ஒரு வருடம் வைத்திருந்தார்களாம், பிறகு சேர்ந்துபோனதை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு யாரோ எடுத்துப் போய்க் கரைத்தார்களாம். எந்த ஆறு என்று கேட்டார்கள் அம்மா. வைகை என்றார் ஒருவர், சண்முகநதி என்றார் இன்னொருவர். அவ்வளவுதான். அம்மா சாகும்வரை தை அமாவாசைக்கு எந்தப் பக்கம் பார்த்துத் தண்ணீர் விடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

செய்தவர்கள் புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள், அவர்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் மண்ணில் வைத்திருந்தால் தோண்டி எடுத்திருக்கலாம், பீரோவிலேயே இருந்திருந்தால்கூட வாங்கி வந்திருக்கலாம். ஆற்றில் விட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே தோழி, யார் என்று தெரியும்வரை தயவுசெய்து கரைக்க விடாதீர்கள். பீரோ வேண்டாம் என்றால் மயானத்திலேயே ஒரு மூலையில், மூடி இறுகிய எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மண்ணுக்குள் வையுங்கள், மேலே ஒரு கல், கல்லில் பதிவேட்டு எண். யாராவது வந்தால் எடுத்துக் கொடுக்கலாம்.

இன்னொன்று. கலயத்துக்குள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள், பென்சிலில் எழுதிப் பிளாஸ்டிக்கில் சுற்றி. உங்கள் அட்டையில் பேனா எழுத்து கரைந்திருக்கிறது, பென்சில் நின்றிருக்கிறது, கவனித்தீர்களா? மலை ஈரத்துக்குப் பென்சில்தான்.

அருவங்காடு_அந்தோணியார்தெரு

கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கத்தோலிக்கன். பெயர் பொதுவானது என்று சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் சபையில் எரிப்பதற்கு 1963லிருந்து அனுமதி உண்டு. ஆனால் 2016ல் ரோமிலிருந்து தெளிவாகவே சொல்லிவிட்டார்கள், சாம்பலைத் தூவவோ ஆற்றில் கடலில் கரைக்கவோ கூடாது, வீட்டிலும் வைக்கக் கூடாது, கல்லறைத் தோட்டம் மாதிரி ஒரு புனிதமான இடத்தில்தான் வைக்க வேண்டும். அந்தப் பெரியவர் எங்கள் ஆளாக இருந்து நீங்கள் பவானியில் விட்டுவிட்டால் அவர் விசுவாசத்துக்கு மாறாகச் செய்ததாகிவிடும். தெரியாமல் செய்வது பாவமில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறபோது தெரிந்துகொண்டே செய்யலாமே. ராணுவக் கோப்பில் மதம் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன், ஹவில்தார் ஐயா சொல்லட்டும். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் இங்கே சொல்லுங்கள், பங்குத் தந்தையிடம் நான் பேசுகிறேன், குழிக்கு ஆகும் செலவை எங்கள் தெரு பார்த்துக்கொள்ளும்.

ஓய்வு_ஹவில்தார்

ஆமாம் சார், சேர்ந்த அன்றே மதம் எழுதிவிடுவார்கள். பல யூனிட்டுகளில் கோயில், சர்ச், மசூதி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும், சர்வ தர்ம ஸ்தல் என்போம், ஆனால் ஒருவன் செத்தால் அவனவன் முறைப்படிதான்.

கோத்தகிரி_வரலாற்று_டீச்சர்

கரைப்பதா வைப்பதா என்று இரண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது.

முதல் உலகப் போரில் பிரான்ஸ் முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இங்கிலாந்துக் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அங்கே ராஜாவின் பழைய அரண்மனையையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அங்கே இறந்த இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே பேட்சம் என்ற இடத்துக்கு அருகே ஒரு குன்றின் மேல் எரித்து, சாம்பலைக் கடலில் விட்டார்கள். முஸ்லிம் வீரர்களை வோக்கிங் மசூதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எரித்த இடத்தில் வெள்ளைப் பளிங்கில் சத்ரி என்ற குடை வடிவ நினைவு மண்டபம் கட்டி 1921 பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். அந்த மண்டபத்தில் யார் பெயரும் இல்லை. எரிக்கப்பட்ட 53 பேரின் பெயர்களும் 2010ல்தான் பக்கத்தில் ஒரு கல்லில் பொறிக்கப்பட்டன. அந்தப் பெயர்களை எங்கிருந்து எடுத்தார்கள்? காகிதங்களிலிருந்துதான். யாரோ எழுதி வைத்திருந்தார்கள், யாரோ அதைத் தூக்கிப் போடாமல் இருந்தார்கள்.

அதனால் மலர், நீங்கள் ஏற்றிக்கொண்டிருக்கும் பதிவேடு சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். பெயரில் ஒரு எழுத்தையும் சுருக்காதீர்கள். அப்புறம், அஸ்தி ஆற்றுக்குப் போனாலும் பெயர் மயானத்துச் சுவரில் ஒரு கல்லில் இருக்கலாம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஊட்டி பார்சி மயானத்தில் ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா கல்லறைக்கு என் மாணவர்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். 2008ல் வெலிங்டன் ஆஸ்பத்திரியில் இறந்தவர், நம் ஊர் மனிதராகவே வாழ்ந்தவர். பிள்ளைகள் பூ வைத்துவிட்டு, 'டீச்சர், அவருக்குக் கீழே இருந்த சிப்பாய்களின் கல்லறை எங்கே' என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒஹையோ_படுகர்

நான் ஜெகதளா ஊர்க்காரன், இப்போது அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிறேன். இங்கே இதே பிரச்சினை பெரிய அளவில் உண்டு, அதனால் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், நமக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே எரித்த சாம்பலை ஃபியூனரல் ஹோம் என்று சொல்லும் இடங்களில் அலமாரியில் வைத்திருப்பார்கள், வாங்க ஆள் வராமல் முப்பது நாற்பது வருடம்கூடக் கிடக்கும். அதில் பழைய ராணுவத்தார் நிறையப் பேர். 'மிஸ்ஸிங் இன் அமெரிக்கா பிராஜெக்ட்' என்று ஒரு தன்னார்வ அமைப்பு 2007லிருந்து இதே வேலையாக இருக்கிறது, அதில் பலர் அவர்களே பழைய பட்டாளத்துக்காரர்கள். இடத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, அலமாரியில் இருக்கும் எல்லாப் பெயரையும் பட்டியல் போட்டு, முன்னாள் ராணுவத்தார் துறைக்கு அனுப்பிச் சரிபார்க்கிறார்கள். ராணுவத்தார் என்று உறுதியானால் தேசிய கல்லறைத் தோட்டத்தில் இடமும் கல்லும் இலவசம். ஆளில்லாத வீரருக்குப் பெட்டியோ கலசமோ அரசே கொடுக்கலாம் என்று 2013 ஜனவரியில் ஒரு சட்டமும் கையெழுத்தானது. அடக்கத்துக்குச் சீருடையில் இரண்டு பேராவது வந்து, கொடியை மடித்து, எக்காளம் ஊத வேண்டும் என்பது 2000லிருந்து இங்கே சட்டப்படி உரிமை.

இதில் நான் கவனித்தது, அவர்கள் முதலில் எல்லாருடைய பெயரையும் எழுதுகிறார்கள். யார் ராணுவத்தார் என்று அலமாரியைப் பார்த்துத் தெரியாது. உங்கள் பீரோவிலும் ஒன்பதில் ஒன்றில்தான் 'மிலிட்டரி' என்று எழுதியிருக்கிறது. மற்ற எட்டில் யாரும் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? சிறிது காலம் பணி செய்து பென்சன் இல்லாமல் வந்தவர்களும் இருப்பார்களே. அதனால் ஒன்பதுக்கும் ஒரே மாதிரி விசாரணை போடுங்கள்.

காகிதம் இல்லை என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். செயின்ட் லூயிஸ் நகரத்தில் ராணுவ ஆவணக் கிடங்கு 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல் கோப்புகள் போய்விட்டன. இன்றைக்கும் சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிக் குறிப்பு என்று வேறு இடங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்து ஆளை உறுதி செய்கிறார்கள். ஒரேகான் மாநிலத்தில் ஒரு பழைய மனநல ஆஸ்பத்திரியில் சுமார் 3,500 செப்புக் குவளைகளில் சாம்பல் கிடந்தது, பெயர்ப் பட்டியலை வெளியிட்ட பிறகு எத்தனையோ குடும்பங்கள் தேடி வந்து வாங்கிப் போயின. ஹவில்தார் அண்ணா சொன்னது சரி, பணி எண் வெளியே போகக் கூடாது. ஆனால் பெயரும் இறந்த வருடமும் தகன மேடை அறிவிப்புப் பலகையில் தொங்கலாம், அதில் ஆபத்தில்லை.

குன்னூர்_இளைஞர்

அக்கா, ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கலசத்தின் மேல் தேசியக் கொடி போர்த்தி பெட்போர்ட் வழியாக ஊர்வலமாகக் கொண்டு போவோம். எங்கள் பசங்க ஐம்பது பேர் வருவார்கள். 2021 டிசம்பரில் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோது அந்த ஊர் ஜனங்கள் வீட்டுக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அதே மலைதானே நாம்.

ஓய்வு_ஹவில்தார்

தம்பி, உன் மனசு தங்கம். அந்தக் கம்பளிகளை நான் மறக்கவில்லை, 14 பேர் போனார்கள் அதில். ஆனால் கொடி மட்டும் நாமாக எடுக்கக் கூடாது. அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவம் நடத்தும் இறுதிச் சடங்கு, இவற்றுக்கு மட்டும்தான் தேசியக் கொடி போர்த்தலாம் என்று கொடி விதிகள் சொல்கின்றன. அப்போதும் குழிக்குள்ளோ நெருப்பிலோ போகக் கூடாது. நாமாகப் போர்த்தினால் 1971 சட்டப்படி அவமதிப்பு ஆகிவிடும். மரியாதை செய்யப் போய் வழக்கில் மாட்ட வேண்டாம்.

ஓய்வு பெற்ற ஜவானுக்குத் துப்பாக்கி மரியாதை தானாக வந்துவிடாது, இதையும் சொல்லிவிடுகிறேன், எதிர்பார்த்து ஏமாறக் கூடாது. இங்கே உள்ள ராணுவ ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸுக்கு ஒரு கடிதம் கொடுப்போம், மலர்வளையத்தோடு ஒருவரை அனுப்புவதும் அனுப்பாததும் அவர்கள் முடிவு. அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் பழைய ஆட்கள் இருபது பேர் மெடல் குத்திக்கொண்டு வந்து நிற்போம். அவர் எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி.

கேத்திமலர்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாக எழுதவில்லை, மன்னிக்கவும், நடந்ததைச் சொல்கிறேன்.

பெட்டி கிடைத்தது! வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், அவரே பணம் கட்டி எரியூட்டியிருக்கிறார். வாடகை இரண்டு மாதம் பாக்கி இருந்தது என்று சொன்னார், உடனே 'அது கிடக்கட்டும்' என்றும் சொன்னார். பெட்டியை விறகு அறையில் வைத்து மேலே உரமூட்டை அடுக்கியிருந்தார். துடைத்துப் பார்த்தால் வெள்ளை பெயிண்ட், ஏழு இலக்கமும் முழுசாக. உள்ளே ஒரு கம்பளி, ஷேவிங் செட், முருகன் படம், டிஸ்சார்ஜ் புக். நான் அதைப் பிரித்துப் படிக்கவில்லை, முதல் பக்கம் மட்டும் பார்த்தேன். எம்.இ.ஜி. பெங்களூர். ஹவில்தார் அண்ணா சொல்லாமல் இருந்திருந்தால் வெலிங்டனிலேயே கேட்டுவிட்டு இல்லை என்று திரும்பியிருப்பேன்.

ஊட்டி அலுவலகத்தில் ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டு, கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தார். பெங்களூருக்குப் பதிவுத் தபாலில் போட்டோம். பதினேழாவது நாள் எனக்கு ஒரு போன். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பையன் பேசினான், பிறகு தன் அத்தையிடம் கொடுத்தான். அவர்தான் மனைவி. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லையாம், எங்கே இருக்கிறார் என்றே தெரியாதாம். ராணுவத்திலிருந்து கடிதம் வந்து படித்துக் காட்டித்தான் இறந்த விஷயமே தெரியும். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் முதலில் கேட்டது, 'கொள்ளி யார் வைத்தது?'

வீட்டுக்காரரின் மகன் என்று சொன்னேன். அவன் பெயர் என்ன என்று கேட்டு, அந்தப் பெயரை இரண்டு தடவை திருப்பிச் சொன்னார்.

அஸ்தி இருக்கிறது அம்மா, யாரும் தொடவில்லை என்றேன். அப்போதுதான் அழுதார்.

குடும்ப ஓய்வூதியம் பற்றி அந்தப் பையனிடம் விளக்கினேன், அங்கே தர்மபுரியிலேயே முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

மற்ற எட்டுப் பேருக்கும் பட்டியல் போட்டு, பெயரும் வருடமும் பலகையில் ஒட்டியாகிவிட்டது. ஒட்டிய நாலாம் நாள் பெரட்டி எஸ்டேட்டிலிருந்து ஒருவர் வந்து தன் சித்தியை வாங்கிப் போனார், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தவர். மீதி ஏழும் எவர்சில்வர் சம்படத்துக்கு மாறிவிட்டன, உள்ளே பென்சில் சீட்டோடு. இன்னும் ஒரு வருடம் பார்த்துவிட்டு, ஆள் வராதவர்களை மயானத்திலேயே கல் வைத்து அடக்கம் செய்வது என்று நிர்வாகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுவரில் பெயர்க் கல்லுக்கு நகராட்சி அனுமதி இன்னும் வரவில்லை, டீச்சர், வந்ததும் சொல்கிறேன்.

பவானிக்கரைத் தம்பி, உங்கள் உதவி இப்போது வேண்டும். அந்த அம்மா ஆற்றில்தான் கரைக்க வேண்டும் என்கிறார், மலை ஏறிவர உடம்பு இடம் கொடுக்கவில்லை, மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிடுகிறோம் என்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கலயத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கீழே வருகிறோம், வீட்டுக்காரரும் மகனும் வருகிறார்கள், சூடம் காட்டும் அண்ணன் லீவு சொல்லிவிட்டார்.

பவானிக்கரை

அக்கா, ஐயரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், அந்த அம்மாவை நினைத்தால் என்னவோ போல இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரைக்கே படித்துறையில் இருப்பேன். ஆற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சனிக்கிழமை சாயங்காலம் பார்த்துச் சொல்கிறேன். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் படியில் இறங்கவிட மாட்டார்கள்.

ஓய்வு_ஹவில்தார்

எம்.இ.ஜி. ஆட்கள் இங்கே நாலு பேர் இருக்கிறார்கள், சொல்லிவிட்டேன், எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. வெலிங்டன் பிளாக் பிரிட்ஜ் ஸ்டாப்பில் வேன் ஐந்து மணிக்கு நிற்கும். எங்களில் ஒருவர் பட்டாளத்தில் பிகில் (எக்காளம்) ஊதியவர், ஊதட்டுமா என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கேத்திமலர்

கேட்டேன் அண்ணா. 'அவர் வீட்டில் இருந்தபோது விடிகாலையில் வாயாலேயே ஊதிக் காட்டிப் பிள்ளையை எழுப்புவார், ஊதச் சொல்லுங்கள்' என்றார்.

அப்புறம், அவருக்கு முட்டி வலி, படியில் இறங்கக் கஷ்டப்படுவார். கைத்தாங்கலாகப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.